'பாத்திரமாகவே வாழ்ந்து காட்டினார்' என்பதற்கு மேல் எழுத நமக்கு வராதா?

மூன்றாம் வரிசை

நாடகம் முடிந்த மறுநாள் நம் திருகோணமலை மாவட்டத்தில் வெளிவரும் பத்திரிகைக் குறிப்புகளையும் முகநூல் பாராட்டுகளையும் சில காலமாகச் சேர்த்து வருகிறேன். பிரதம விருந்தினர் யார், மங்கல விளக்கை ஏற்றியவர் யார், நன்றியுரை சொன்னவர் யார், எல்லாம் பிழையின்றி இருக்கும். நடிகருக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம்: "பாத்திரமாகவே வாழ்ந்து காட்டினார்." தகப்பன் வேடம் கட்டியவரும் வாழ்ந்து காட்டினார், அரக்கன் வேடம் கட்டியவரும் வாழ்ந்து காட்டினார். எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

இந்த எரிச்சலைக் கூட்டிவிட்டது இலண்டன் குளோப் அரங்கின் ஓர் ஒளிப்பதிவு. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு', 2012 ஆம் ஆண்டு மேடையேற்றம், நடிகர்கள் அனைவரும் ஆண்கள். மார்க் ரைலன்ஸ் அதில் ஒலிவியா என்ற சீமாட்டியாக வருகிறார். அண்ணனைப் பறிகொடுத்துத் துக்கம் காக்கும் பெண். தரையைத் தொடும் கறுப்பு உடைக்குள் கால் எங்கே என்று தெரியவில்லை. மிகச் சிறிய அடிகளை நெருக்கி நெருக்கி வைப்பதால் அவர் நடப்பதாகவே தோன்றவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். துக்கத்தையும் குடிப்பெருமையையும் அந்த நடைக்குள் பூட்டி வைத்திருக்கிறார். காதல் வந்ததும் முதலில் குலைவதும் அதுதான்.

அதே ஆண்டில் அதே மேடையில் அதே மனிதர் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனாகவும் ஆடினார். சூம்பிய கை, சிரித்துக்கொண்டே கொல்லும் வாய். 2013 இன் இறுதியிலிருந்து நியூயோர்க்கில் இரு நாடகங்களையும் மாறி மாறி மேடையேற்றினார்கள். 2014 டோனி விருதுக்கு இரு வேடங்களுக்கும் அவருடைய பெயர் தனித்தனியே பரிந்துரையாயிற்று, ஒலிவியாவுக்குக் கிடைத்தது.

விருது எனக்கு முக்கியமில்லை. அவர் எப்படி நடந்தார், எந்த இடத்தில் சிரித்தார் என்று எழுதி வைக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். திருகோணமலையில் இப்படி இரு வேறு உடம்பாக மாறக்கூடிய நடிகர் ஒருவர் இருந்தால், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அவரைப் பற்றி அறிய நம்மிடம் என்ன இருக்கும்? பொன்னாடை போர்த்திய புகைப்படமா?

கப்பற்றுறை

தம்பி, பொன்னாடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். என் வீட்டில் ஓர் அலுமாரி நிறைய இருக்கிறது. மனைவி யன்னல் திரையாக்கிவிட்டார்.

உங்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1945 இல் ஓல்ட் விக் குழுவினர் இலண்டன் நியூ தியேட்டரில் ஒரே இரவில் இரண்டு நாடகங்கள் போட்டார்கள். முன்பாதியில் லோரன்ஸ் ஒலிவியே ஈடிப்பஸ் மன்னன். தான் செய்த பாவம் தெரிய வரும்போது அவர் எழுப்பிய ஓலத்தைப் பற்றி இன்றுவரை எழுதுகிறார்கள். பனிக்கட்டிமேல் தூவிய உப்பை நக்கப் போய் நாக்கு உறைந்து ஒட்டிக்கொண்ட சிறு விலங்கொன்றின் வேதனையை நினைத்து அந்த ஓலத்தைப் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இடைவேளை முடிந்து வந்தால் அதே மனிதர் ஷெரிடனின் 1779 ஆம் ஆண்டுக் கேலி நாடகத்தில் பஃப் என்ற கோமாளி.

அந்தப் பஃப் யார் தெரியுமா? காசு வாங்கிக்கொண்டு புகழுரை எழுதிக் கொடுப்பவன்! புகழ்ச்சியில் எத்தனை வகை உண்டு, எதை எந்த நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும் என்று மேடையிலேயே வகுப்பெடுப்பான். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் அவன் வம்சம். ஆகவே இது நம்முடைய மாவட்டத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஆறுதல் அடையுங்கள்.

தம்பலகாமத்தான்

மூன்றாம் வரிசை அண்ணை, நீங்கள் எழுத்தில் தேடுகிறபடியால் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விமர்சனம் எழுதப்படுவதில்லை, சொல்லப்படுவது. அதுவும் ஆடிக்கொண்டிருக்கும்போதே.

எங்கள் குடும்பத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இருந்தார்கள். வேடங்களைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து காலில் சதங்கை அணியும் நாள்வரை எத்தனை மாதங்கள் ஆனாலும் ஒத்திகைக்கு ஊரே வந்து குந்தியிருக்கும். அடி பிசகினால் கிழவிமார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லுவார்கள்: "இவனுக்கு வீமன் சரிவராது, தூதுவனுக்குப் போடு." கூத்தாடும் வட்டக்களரியில் நாற்புறமும் ஆட்கள். முதுகைக் காட்டி ஒளிந்துகொள்ள இடமில்லை. அரங்கேற்றம் முடிந்து விடிந்ததும் தேநீர்க் கடையில், பாத்திரங்கள் களரிக்கு ஆடி வந்த ஒவ்வொரு வரவையும் பிரித்து மேய்வார்கள். அந்தக் கண்டிப்பு எந்தப் பத்திரிகைக்காரனிடம் இருக்கிறது?

இரண்டாவது, பல வேடம் கட்டுவதுதான் பெருமை என்பதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் கூத்தில் ஒருவர் தருமர் என்றால் கிழவராகும்வரை தருமர். வேடத்தின் பெயரே ஆளின் பெயராகிவிடும். வடக்கில் நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் பாருங்கள். வேறு வேடங்களும் கட்டினார்தான். ஆனால் சனம் போனது மயான காண்டத்து அரிச்சந்திரனுக்காக. ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியது என்பார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். இன்றிரவு சுடலையில் எப்படிப் பாடப்போகிறார் என்பதைக் கேட்கத்தான் பாயும் தலையணையுமாகப் போனார்கள். ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டியவர் அவர். பத்து இடத்தில் கொத்திப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காலத்தில் மதிப்பு அதிகம்.

சல்லரி

அண்ணை, கிணறு தோண்ட அப்போது ஊர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். எங்கள் குழுவில் நடிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இருவருக்கு இரவு வேலை. ஆகவே நான் ஒரே நாடகத்தில் மகனாகவும் கிராமசேவகராகவும் இறந்துபோன தாத்தாவாகவும் வருகிறேன். பன்முகத் திறமை என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். ஆட்பற்றாக்குறை என்று போட்டால் அழகாக இருக்காதல்லவா?

ஆனாலும் பத்து இடத்தில் கொத்துவதைக் கேலி செய்ய வேண்டாம். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைக் கேட்காத வீடு நம் நாட்டில் இருக்குமா? ஓர் ஆள், ஒரு பஸ். கொண்டக்டரும் அவரே, ஏறுகிற இறங்குகிற சனமும் அவரே. ஒலிநாடாவில் மட்டும் கேட்டாலும் பஸ் நிறைந்துவிடும். நாங்கள் பயிற்சிக்கு அதை எடுத்துப் பார்த்தோம். அவர் குரலை மாற்றுவதைவிட மூச்சை மாற்றுவதுதான் அதிகம். நெரிசலுக்குள் நிற்பவனின் மூச்சு வேறு, மிதிபலகையில் தொங்குபவனின் மூச்சு வேறு. இதைக்கூட யாராவது எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அலையரசி

நான் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிப்பவள். பிள்ளைகளிடம் "பார்த்த ஆற்றுகையைப் பற்றி எழுதுங்கள்" என்றால் கதைச்சுருக்கத்தைத்தான் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்க்கப் பழக்கியவர்கள் யார்?

இதற்கு இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களனில் பிறக்கும் என்றும் சொல்கிறது. நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கில். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கில். இதை வைத்து மூன்றாம் வரிசை சொன்ன அந்த ரிச்சர்ட்டைப் பார்த்தால் எவ்வளவு துலக்கமாகிறது! அவன் சிரிப்பு உள்ளே எள்ளல். வெளியே பேதைமைபோலக் காட்டுகிறான். சுற்றியிருப்பவர்கள் பேதைமையென்று நம்பிக் கிட்டே வருகிறார்கள், சாகிறார்கள். "நன்றாகச் சிரித்தார்" என்று எழுதும் மாணவனிடம் "எதில் பிறந்த சிரிப்பு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த பந்தியைத் தானாக எழுதுவான். செய்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. சுவாமி விபுலானந்தர் நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாக வைத்து அவர் எழுதிய 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது. நாடகத்தின் உறுப்புகளையும் மெய்ப்பாட்டையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே நூலில் இணைத்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் வழி போட்டுத் தந்துவிட்டார். நாம் அவருக்குச் சிலை வைத்தோம், மாலை போட்டோம். வழியில் புல் முளைத்துவிட்டது.

கப்பற்றுறை

டீச்சர், கடைசி வரியில் நீங்களே பொன்னாடைக்காரரைப்போல முடித்துவிட்டீர்கள். மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் வரிசை, குறை சொன்னது போதும். நம் ஊர் நடிகர் ஒருவரை நீங்கள் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் இங்கே மாமன் மச்சான் சண்டை வந்துவிடும்.

மூன்றாம் வரிசை

சரி ஐயா. ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். கரையோரக் கிராமத்துக்காரர். பகலில் மீன் வாடியில் கணக்கெழுதுகிறார். ஐம்பதைத் தாண்டியவர். அவரை இரு வேடங்களில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, ஓய்வூதியக் கோப்பு நகராமல் அலுவலக வாங்கில் காத்திருக்கும் முதியவர். அரை மணி நேர நாடகம், முழுவதும் உட்கார்ந்தபடி. வசனம் மிகக் குறைவு. அவர் அந்தப் பாத்திரத்தை வைத்தது வலது கைப் பெருவிரலில். கோப்பைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்குவார், பழைய எழுதுவினைஞர்களின் பழக்கம். முதலில் நமக்கு அது சாதாரணம். எழுத்தர் கோப்பை வாங்கி உள்ளே கொண்டுபோன பிறகும், மடியில் ஒன்றும் இல்லாதபோதும், விரல் நாக்குக்குப் போகிறது; திரும்பி வந்து வேட்டியின்மேல் எதையோ புரட்டுகிறது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் தன் விரலைத் தானே பார்த்துவிட்டுக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். டீச்சர் சொன்ன நான்கில் இது இளிவில் பிறந்த அழுகை என்று இப்போது புரிகிறது. அழுகை எங்களுக்குத்தான் வந்தது, அவர் அழவில்லை.

இரண்டாவது, கோயில் முன்றலில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடிய கூத்தில் இராவணன். இங்கே விரலுக்கு வேலையே இல்லை, எல்லாம் கால். வெள்ளைச் சேலையை இருவர் பிடிக்க அதன் பின்னால் சதங்கை மட்டும் கேட்டது. சேலை விலகியதும் வந்த முதல் வரவில் மணல் எழும்பியது. மீன் வாடியில் குனிந்து கணக்கெழுதும் மெலிந்த மனிதரின் தோள் எங்கிருந்து இவ்வளவு அகன்றது என்று எனக்கு விளங்கவில்லை. உடுப்பின் பாரத்தில் பலர் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். இவர் பாரத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டு மார்பை விட்டுவிட்டார், அதனால் கழுத்து சுதந்திரமாகத் திரும்பியது. பத்துத் தலைக்காரன் என்று நம்ப அந்தக் கழுத்து போதுமாக இருந்தது.

நான் எழுத விரும்பிய இடம் இந்திரசித்து இறந்த செய்தி வரும் இடம். தூதுவன் சொல்கிறான். இராவணன் பாடவில்லை, மார்பில் அடிக்கவில்லை. மத்தளம் முதல் வரவின் அதே தாளக்கட்டை எடுக்கிறது, அவரும் அதே ஆட்டத்தைத் தொடங்குகிறார். ஆனால் ஒவ்வொரு சுற்றின் கடைசி அடியிலும் இடது கால் பிந்தி விழுகிறது. மிகச் சிறிய பிந்தல். அண்ணாவியார் முதலில் பிசகென்றே நினைத்தார். மத்தளத்தை ஓங்கி அடித்து ஆளை இழுக்கப் பார்த்தார். அடுத்த சுற்றிலும் அதே கால், அதே அளவு பிந்துகிறது. மற்றக் கால் கம்பீரமாக முன்னே போகிறது, இது மட்டும் வர மறுக்கிறது. மூன்றாவது சுற்றில்தான் எனக்கு அருகில் இருந்த அம்மா "ஐயோ, பிள்ளை போய்விட்டானே" என்றார். தூதுவன் சொன்னபோது அந்த அம்மாவுக்கு அது செய்திதான்.

ஒரே ஆள். ஒரு வேடத்தை விரலிலும் மற்றொன்றைக் காலிலும் வைத்தவர். அன்றிரவு அவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துரை வழங்கியவர் அவருடைய பெயரைப் பிழையாகச் சொன்னார்.

நிலாவெளி இளையவன்

வாசித்ததும் உடம்பு புல்லரித்தது. நன்றி அண்ணை.

இராவணன் நம் ஊர்க்காரன் என்பதையும் சேர்த்திருக்கலாம். கோணேசர் கோயிலில் அவன் வாளால் வெட்டிய இடத்தைக் காட்டாத திருகோணமலையான் உண்டா?

தம்பலகாமத்தான்

அண்ணை, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் புகழ்ந்தது ஒரு குற்றத்தை.

கூத்தில் தாளம் நடிகருக்குச் சொந்தமில்லை. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மற்ற ஆட்டக்காரரும் ஒரே தாளத்தின்மேல் நிற்கிறார்கள். ஒருவர் தன் துக்கத்துக்காகக் காலைப் பின்னுக்கு இழுத்தால் மற்றவர்கள் எங்கே நிற்பது? துக்கத்துக்கு விருத்தம் இருக்கிறது. தாளம் இல்லாமல் நின்று, இழுத்து, அழுது பாட மரபு இடம் தந்திருக்கிறது. அதைவிட்டு ஆட்டத்துக்குள் குளறுவது, பார்ப்பவருக்குப் புதுமையாக இருக்கலாம், மத்தளம் அடிப்பவருக்கு அவமானம். என் தாத்தாவாக இருந்தால் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போயிருப்பார்.

இது தனிநடிகர் மோகம். ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையிலிருந்து வந்த தொற்று.

அலையரசி

தம்பலகாமத்தான் தம்பி, தொற்று என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாதீர்கள். படச்சட்ட மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோனவர்களால்தான் இன்று நாமிருவரும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று வரிசையாகச் செய்தபோது விடிய விடிய ஆடியது சுருங்கியது. நாற்புறப் பார்வையாளர் ஒருபுறமானார்கள். இழந்தது உண்டு. ஆனால் அதுவரை அடி, தாளம், குரல் என்று பேசப்பட்ட இடத்தில் பாத்திரத்தின் மனநிலை என்ற கேள்வி வந்து அமர்ந்தது. மௌனகுரு இராவணனாக ஆடியதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்றால் அவர் கால் சரியாக விழுந்ததால் மட்டுமா? அழியப்போகிறோம் என்று தெரிந்தும் போருக்குப் போகும் ஒருவனின் மனத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தபடியால். அவரும் மட்டக்களப்புக் கூத்துக் களரியிலிருந்து போனவர்தான், வெளியிலிருந்து வந்தவர் இல்லை.

எனக்கு வேறு ஒரு மனக்குறை இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை இந்த இழையில் வந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள். பெண்ணாக நடித்த ஆணைக்கூடப் பாராட்டிவிட்டோம்! ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின், பெண் பாத்திரங்கள் மட்டுமே உள்ள நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்று அவைக்காற்று கலைக் கழகத்தினர் தமிழில் மேடையேற்றினார்கள். அதன் நெறியாளர் பாலேந்திராவின் நாடகங்களில் ஆனந்தராணி ஆடிய வேடங்களைக் கணக்கெடுத்தால் பன்முகம் என்ற சொல்லுக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் பாடசாலையில் தமிழ்மொழித்தினப் போட்டியில் மாகாண மட்டம்வரை போன பிள்ளை ஒருத்தி இருந்தாள். கிழவி, பேய், அரசி, எது கொடுத்தாலும் நடையை மாற்றிக்கொண்டு வருவாள். திருமணமானதும் மேடை முடிந்தது. "நடித்தது போதும்" என்றார்களாம். இந்த ஊரில் எத்தனை ரைலன்ஸ்கள் சமையலறையில் இருக்கிறார்கள் என்று யாராவது எழுதுங்கள்.

சல்லரி

டீச்சர், எங்கள் ஆறு பேரில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர்தான் ஒலியமைப்பு. ஆகவே முற்றாக இருளவில்லை.

கப்பற்றுறை

இராவணனுக்கு வருகிறேன். நமது ஊரில் அந்த வேடம் கட்டுபவருக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வசதி என்னவென்றால், பார்ப்பவர்கள் முன்பே அவன் பக்கம். சிவபக்தன், வெட்டுக்குச் சொந்தக்காரன், தாயின் கடன் கழிக்கக் கன்னியாவில் ஏழு கிணறு தோன்றக் காரணமானவன் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சனம். இந்தியாவில் இருந்து வரும் குழு அவனை மீசை முறுக்கும் வில்லனாகக் கொண்டுவந்தால் நம்முடைய கிழவிமார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆபத்தும் அதுதான். சனம் தன் பக்கம் என்று தெரிந்ததும் நடிகர் நெஞ்சை நிமிர்த்திக் கைதட்டல் வாங்கத் தொடங்குவார். அதன் பிறகு இராவணன் போய்விடுவான், தேர்தல் மேடைதான் மிஞ்சும்.

மூன்றாம் வரிசை எழுதிய மனிதர் கைதட்டல் வரக்கூடிய இடத்தில் கைதட்ட முடியாமல் செய்திருக்கிறார். பிந்திய காலுக்கு யார் கைதட்டுவார்கள்? அதற்காக மட்டும் நான் அவர் பக்கம். தாளம் சரியா பிழையா என்பதைத் தம்பலகாமத்தான் பார்த்துக்கொள்ளட்டும்.

நெறிப்படுத்துநர்

இராவணன் எந்த இனத்தவன் என்ற பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்கு வேறு இழை இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. அங்கே போய்ச் சண்டை பிடியுங்கள்.

தம்பலகாமத்தான்

பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள், எதைப் பார்ப்பது? நான் அன்று அங்கே இல்லை. அண்ணையின் எழுத்தைத்தான் பார்க்கிறேன். பிந்தல் என்கிறார். எவ்வளவு பிந்தல்? அடுத்த அடிக்குள் போய் விழுந்ததா, அல்லது அதே அடியின் வாலில் விழுந்ததா? முதலாவது என்றால் பிசகு. இரண்டாவது என்றால்... வேறு கதை. எங்கள் பக்கத்தில் மூத்த ஆட்டக்காரர் சிலர் காலைத் தாளத்தின் வாலில் வைப்பார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அதைப் பழக ஆண்டுகள் வேண்டும். உங்கள் மீன் வாடிக்காரர் யாரிடம் பழகினார்?

மூன்றாம் வரிசை

அவருடைய தகப்பனார் வழி சம்பூர்ப் பக்கம். 2006 இல் இடம்பெயர்ந்து வந்தவர்கள். கூத்து உடுப்பும் பாட்டுக் கொப்பியும் அங்கேயே போய்விட்டன என்று ஒருமுறை சொன்னார். யாரிடம் பழகினார் என்று கேட்டதில்லை.

உங்கள் கேள்வி நியாயமானது. அடுத்த அடிக்குள் விழவில்லை என்றுதான் என் காது சொல்கிறது. ஆனால் என் காதை வைத்து உங்களோடு வாதாட மாட்டேன். அன்று யாராவது படம் பிடித்தார்களா?

சல்லரி

நான் பிடித்தேன். கைப்பேசியில், மேடையின் இடதுபக்கத் தூணோரமாக நின்று. இப்போது எடுத்துப் பார்த்தேன். இந்திரசித்து இறந்த இடம் முழுதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் முன்வரிசையில் விருந்தினர்களுக்குப் போட்ட சோபாவின் முதுகு குறுக்கே வருகிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. நல்ல தெளிவான சோபா.

முகம் இருக்கிறது. முகத்தில் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் கவனித்தேன். நேராகத்தான் பார்க்கிறார்.

கப்பற்றுறை

அந்தச் சோபாவை நகர மண்டபத்தில் நினைவுச்சின்னமாக வைக்கலாம்.

தம்பலகாமத்தான்

படம் வேண்டாம் தம்பி, ஒலி போதும். சதங்கை கேட்கிறதா? மத்தளமும் சதங்கையும் கேட்டால் காலைப் பார்க்கத் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் ஒலியாகப் பிரித்து எனக்கு அனுப்பிவிடுங்கள். என் பெரிய மாமாவுக்குக் கண் பார்வை குறைவு, காது கூர்மை. அவருக்குப் போட்டுக் காட்டுகிறேன். இழையில் என்ன பேசுகிறோம் என்று சொல்லமாட்டேன், அண்ணையின் வர்ணனையையும் வாசித்துக் காட்டமாட்டேன். தானாக என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

சல்லரி

அனுப்பியாயிற்று. கடல் இரைச்சல் இருக்கிறது, குறைத்திருக்கிறேன். முதல் வரவையும் சேர்த்து அனுப்பினேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அலையரசி

தம்பி, எனக்கும் அனுப்புங்கள். வகுப்பில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லப்போகிறேன். முதலில் அண்ணை எழுதிய பந்தியைக் கொடுக்காமல்.

தம்பலகாமத்தான்

மாமா கேட்டார். முதல் வரவைக் கேட்டுவிட்டு "நல்ல அடி, பாரமான ஆள்" என்றார் (ஆள் மெலிவு என்று அண்ணை எழுதியதை நான் சொல்லவில்லை). இரண்டாவது துண்டில் முதல் சுற்று முடிந்ததும் கையை உயர்த்தினார், நிறுத்து என்று. மறுபடி போடச் சொன்னார். பிறகு தன் தொடையில் தட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கால் வாலில் விழுகிறது. பிசகில்லை. மத்தளக்காரன்தான் முதலில் பயந்துவிட்டான். மூன்றாவது சுற்றில் அவனும் கையைத் தளர்த்திக்கொடுக்கிறான், கேள். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பிந்துகிறார்கள்." பிறகு "யாரடா செத்தது?" என்று கேட்டார்.

மத்தளத்தை ஓங்கி அடித்து இழுத்தார் என்று அண்ணை எழுதியது சரி. தளர்த்திக்கொடுத்ததை எழுதவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விடயம். நடிகருக்குக் கொடுக்கிற புகழில் பாதியை அந்த அண்ணாவியாருக்குக் கொடுங்கள். மரபில் இதற்கு இடம் உண்டா என்ற என் வாதத்தை நான் விடவில்லை. மாமாவும் "எங்கள் காலத்தில் செய்யமாட்டோம்" என்றுதான் முடித்தார்.

மூன்றாம் வரிசை

தம்பி, மாமாவிடம் அனுமதி கேளுங்கள். அவர் சொன்னதையும் சேர்த்து நீளமாக எழுதிப் போடுகிறேன், அண்ணாவியாருக்குத் தனிப் பந்தி வைத்து. நடிகரிடமும் போய் யாரிடம் பழகினார் என்று கேட்கப்போகிறேன். வாடியில் கணக்கு முடிந்த பிறகுதான் பேசுவார்.

தம்பலகாமத்தான்

மாமா சம்மதம். ஒரு நிபந்தனை: எழுதியதும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். நடிகரைச் சந்திக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வால் அடியை நேரில் கேட்க வேண்டும், சோபா இல்லாமல்.